பாலக்காடு ஜங்ஷன் ஏன் ஒலவக்கோட்டில் இருக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நீங்கள் பழனிக்காரர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக வந்து மூன்று மாதம் ஆகிறது. உங்கள் அம்மா முதல்முறையாகப் பார்க்க வந்தார். நீங்கள் ஜங்ஷனில் காத்திருந்தீர்கள், அம்மாவோ டவுன் ஸ்டேஷனில் இறங்கி, இரவு நேரத்தில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரே ஊருக்கு எதற்கு இரண்டு ஸ்டேஷன், பெரிய ஸ்டேஷனை ஏன் ஊருக்கு வெளியே ஒலவக்கோட்டில் வைத்தார்கள், அங்கே என்ன வசதி, அதற்கு என்ன வரலாறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அப்பா ரயில்வேயில் கீமேன், அதாவது தண்டவாளத்தை நடந்து பார்த்துச் சரிசெய்கிறவர். நான் பிறந்து வளர்ந்தது ஒலவக்கோடு ரயில்வே காலனியில். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், இந்தப் பாதையைப் பாலக்காட்டுக்காகப் போடவில்லை, கடலுக்காகப் போட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அவர்கள் கண் வாலாஜாவில் நிற்கவில்லை, அரபிக்கடலில் இருந்தது. சென்னையில் ஏற்றிய சரக்கு மேற்குக் கரைக்குப் போக வேண்டுமென்றால் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய காலம் அது. தரை வழியே நேராகப் போய்விட்டால் எத்தனை நாள் மிச்சம்! அதற்காக மேற்கே அவர்கள் பிடித்த துறைமுகம் பேப்பூர், கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாறு கடலில் சேரும் இடம். வேலை இரண்டு பக்கமும் நடந்தது. 1861 மார்ச் 12 அன்று பேப்பூரில் இருந்து திரூர் வரை வண்டி ஓடியது. இன்றைய கேரளத்தின் முதல் ரயில் அதுதான். அதே ஆண்டு குற்றிப்புரம் வரை நீண்டது. 1862-இல் பட்டாம்பி, ஒலவக்கோடு, போத்தனூர் என்று கிழக்கே இருந்து வந்த பாதையோடு சேர்ந்துகொண்டது. ராயபுரத்தில் முதல் வண்டி கிளம்பி ஆறே ஆண்டில் வங்கக் கடலும் அரபிக்கடலும் தண்டவாளத்தால் இணைந்துவிட்டன.

ஆறே ஆண்டில் எப்படி முடிந்தது? அதற்கு நன்றி சொல்ல வேண்டியது பாலக்காட்டுக் கணவாய்க்கு. கன்னியாகுமரிப் பக்கத்தில் இருந்து குஜராத் வரை சுவர் மாதிரி நிற்கிற மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிடப் பெரிய வாசல் கிடையாது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த வெளி. உயரமும் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 140 மீட்டர்தான். சுரங்கம் குடைய வேண்டாம், மலை ஏற வேண்டாம். செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிற பாதையோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். அங்கே மலையைக் குடைந்து, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் கட்டி, வண்டி ஓட 1904 ஆகிவிட்டது. இங்கே அதற்கு நாற்பது வருடம் முன்பே வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆடி மாதம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். மேற்கே இருந்து வருகிற காற்று வேட்டியைப் பிடுங்கும். மார்கழி, தை வந்தால் அப்படியே திரும்பி, கிழக்கே இருந்து வறண்ட காற்று அடிக்கும். உதடு வெடித்துவிடும். உங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொள்வதும் அதே கணவாய்க் காற்றில்தான். கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுற்றுவதும் அதனால்தான். காற்று புகுந்த வழியில்தான் ரயிலும் புகுந்தது.

சரி, பாதை பாலக்காட்டுப் பக்கம் வந்தது, ஊருக்குள் ஏன் வரவில்லை?

வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாளையாறில் இருந்து மேற்கே விரலை நகர்த்துங்கள். கஞ்சிக்கோடு, ஒலவக்கோடு, பறளி, மங்கரை, லக்கிடி, ஒற்றப்பாலம், ஷொர்ணூர், பட்டாம்பி, குற்றிப்புரம். எல்லாமே ஆற்றுக்கு வடகரை. பாலக்காட்டுக் கோட்டையும் பழைய ஊரும் கல்பாத்திப் புழைக்குத் (புழை என்றால் ஆறு) தெற்கே இருக்கின்றன. அந்தப் புழை பறளியில் கண்ணாடிப் புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகிறது. பாதை துணையாறுகளைத் தாண்டுகிறதே தவிர, பாரதப்புழையை ஒரு இடத்திலும் கடக்காமல் திரூருக்குப் போய்விடுகிறது. ஊருக்குள் நுழைந்திருந்தால் கல்பாத்திப் புழையை ஒருமுறை தாண்டி உள்ளே போய், மறுபடி தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும். கடலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர்கள் இரண்டு பாலத்தை மிச்சம் பிடித்து வடகரையிலேயே போய்விட்டார்கள் என்பது என் கணிப்பு. நேராகப் போகிற பாதைக்குப் பக்கத்தில் எந்த இடம் வந்ததோ அங்கே ஸ்டேஷன் வைத்தார்கள். அந்த இடம் ஒலவக்கோடு. ஊரில் இருந்து சுமார் 4 கிலோமீட்டர்.

ஆகவே பெயரும் ஒலவக்கோடுதான். பாலக்காடு ஜங்ஷன் என்ற பெயர் ரொம்பப் பிற்பாடு வந்தது. என் அப்பா கடைசி வரைக்கும் 'ஒலக்கோட்டு டேசன்' என்றுதான் சொன்னார். இன்றும் பஸ் கண்டக்டர் கூப்பிடுவது "ஒலவக்கோடு, ஒலவக்கோடு" என்றுதான். ஜங்ஷன் என்று கேட்டுவிட்டு நிற்காதீர்கள், ஒலவக்கோடு பஸ் என்று கேளுங்கள்.

ஊருக்கு நடுவே இருக்கிற டவுன் ஸ்டேஷன் பெரிய பாதையில் இல்லை, கிளைப் பாதையில் இருக்கிறது. 1932-இல் பொள்ளாச்சியில் இருந்து மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை பாலக்காட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்தக் கிளைக்கு முழு அர்த்தம் கிடைத்தது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம், ஆனைமலை ரோடு, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் என்று அது முழுக்கத் தமிழ் பேசுகிறவர்கள் ஏறி இறங்கும் பாதை. இராமேஸ்வரம் வரைக்கும் நேர் வண்டி இருந்தது. சித்தூர் தாலுகாவில் இருந்து தாய் தகப்பனுக்குத் திதி கொடுக்கப் போகிறவர்கள் அதில்தான் போவார்கள். பழனிக்குக் காவடி எடுக்கிறவர்களும் அதில்தான். முதலமடை ஸ்டேஷனில் ஆலமரங்கள் பிளாட்பாரத்துக்கே பந்தல் போட்ட மாதிரி நிற்கும். மாம்பழக் காலத்தில் அந்த ஸ்டேஷனுக்குள் வண்டி நுழையும்போதே வாசனை ஜன்னல் வழியே வந்துவிடும்.

அந்தப் பாதையை அகலப்படுத்த 2008 கடைசியில் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2015 நவம்பரில். ஏழு வருடம்! ஏழு வருடம் மீனாட்சிபுரத்துக்காரர்களும் கொல்லங்கோட்டுக்காரர்களும் பஸ்ஸே கதி என்று இருந்தார்கள். அகலப் பாதை வந்தது நல்லதுதான், மின்கம்பியும் வந்துவிட்டது. ஆனால் மீட்டர் கேஜ் காலத்தில் ஓடிய அத்தனை பாசஞ்சர் வண்டிகளும் திரும்பி வரவில்லை. அந்த வண்டிகளை நம்பித்தான் சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையோடு ஏறினார்கள். பாதை நன்றாக இருந்து வண்டி குறைவாக இருப்பது எங்கள் பக்கத்து மக்களுக்கு இன்னமும் ஆறாத குறை. அந்தக் கோரிக்கையை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

இப்போது உங்கள் அம்மா விஷயம். பழனியில் இருந்து வருகிற வண்டிக்கு முதலில் வருவது டவுன், அதற்குப் பிறகு புழையைத் தாண்டி ஜங்ஷன். திருவனந்தபுரம் போகிற அமிர்தா எக்ஸ்பிரஸ், சென்னையில் இருந்து பழனி வழியாக வந்து பாலக்காட்டில் முடிகிற எக்ஸ்பிரஸ், திருச்செந்தூர் வண்டி, மூன்றும் இரண்டு ஸ்டேஷனிலும் நிற்கும். டிக்கெட்டில் பார்த்தால் ஜங்ஷனுக்கு பி.ஜி.டி., டவுனுக்கு பி.ஜி.டி.என். என்று போட்டிருக்கும். பால்காட் என்ற பழைய ஆங்கிலப் பெயரில் இருந்து வந்த எழுத்துகள் அவை. கடைசி ஓர் எழுத்தில்தான் வித்தியாசம். கண் சரியாகத் தெரியாத வயதானவர்களிடம் எழுத்தைச் சொல்லாதீர்கள், "முதலில் வருகிற பாலக்காடா, இரண்டாவதா" என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாலருவி எக்ஸ்பிரஸும் பாலக்காட்டில் இருந்துதான் திருநெல்வேலிப் பக்கம் கிளம்புகிறது. ஆனால் அது பழனி வழியாகப் போகாது. எர்ணாகுளம், கொல்லம், புனலூர், செங்கோட்டை என்று கேரளத்தைச் சுற்றிக்கொண்டு போகும். திருநெல்வேலி என்று பார்த்துவிட்டு பழனிக்காரர்கள் அதில் ஏறிவிடக் கூடாது.

அமிர்தா ஜங்ஷனில் நிற்கும்போது ஒருமுறை இறங்கி முன்னால் நடந்து போய்ப் பாருங்கள். டவுனில் இருந்து வரும் பாதை ஜங்ஷனின் மேற்கு முனையில் வந்து சேர்கிறது. திருவனந்தபுரம் போக வேண்டிய பாதையும் அதே மேற்கே. ஆக, வந்த வண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். எஞ்சின் நின்றதும் ஆட்கள் இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து இறங்குவார்கள். காற்றுக் குழாயின் முனையைத் திருகி மூடுவார்கள். குழாயைப் பிரிக்கும்போது 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும். அப்புறம் எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கிற கப்ளிங்கைத் தூக்கிவிட்டு, கொடியை அசைத்தால் எஞ்சின் மட்டும் தனியே நகரும். கடைசிப் பெட்டியில் அடையாளத்துக்கு மாட்டிய சிவப்பு விளக்கு அடுத்த முனைக்குப் போகும். வண்டியின் கடைசிப் பெட்டியில் எஞ்சின் வந்து 'டங்' என்று முட்டும்போது உள்ளே தூங்குகிறவர்கள் ஒருமுறை புரண்டு படுப்பார்கள். பிறகு எல்லாப் பெட்டிக்கும் பிரேக் காற்று ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியாக ஏறாமல் வண்டியை எடுக்க முடியாது. சின்ன வயதில் நாங்கள் இதைப் பார்ப்பதற்காகவே பிளாட்பாரத்துக்கு ஓடுவோம். டவுனையும் பறளியையும் நேராக இணைத்து இந்த எஞ்சின் மாற்றத்தைத் தவிர்க்கலாம் என்ற யோசனை இருக்கிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் அப்படிப் போகிற வண்டி ஜங்ஷனைத் தொடாது. அதையும் யோசிக்க வேண்டும்.

நிர்வாக வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் ரயில்வேயின் இந்தப் பகுதி 1908-இல் தென்னிந்திய ரயில்வேயிடம் போனது. 1951 ஏப்ரல் 14 முதல் தென்னக ரயில்வே. 1956-இல் ஒலவக்கோடு கோட்டம், அதாவது ரயில்வேயின் நிர்வாகப் பிரிவு, வந்தது. அதற்கு முன் கோட்டத்தின் தலைமையிடம் போத்தனூரில் இருந்தது. அதே 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. 1979-இல் தெற்குப் பகுதி பிரிந்து திருவனந்தபுரம் கோட்டம் ஆனது. 2007 நவம்பர் 1 அன்று போத்தனூரில் இருந்து கிழக்கே இருந்த பகுதிகள் பிரிந்து சேலம் கோட்டம் ஆனது. அந்தப் பிரிவின்போது இரண்டு மாநிலத்திலும் எவ்வளவு பேச்சு, எவ்வளவு போராட்டம்! கேரளத்தில் கோட்டம் சுருங்குகிறதே என்று வருத்தம், தமிழ்நாட்டில் நம் வருமானம் நமக்கே வேண்டும் என்ற நியாயம். நடுவில் எங்களைப் போன்ற தமிழ் ரயில்வே குடும்பங்களுக்கு அது வீட்டுக்குள் வந்த பாகப்பிரிவினை. எங்கள் காலனியில் ஒரு வீட்டில் அண்ணன் சேலம் கோட்டத்துக்குப் போனார், தம்பி பாலக்காட்டிலேயே இருந்தார். அதன் பிறகு 2008 ரயில்வே பட்ஜெட்டில் கஞ்சிக்கோட்டில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வரும் என்று அறிவித்தார்கள். 2012-இல் அடிக்கல்லும் நாட்டினார்கள். தொழிற்சாலை வரவில்லை. எங்கள் பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பி ஐ.டி.ஐ. படிக்க வைத்த பெற்றோர்களை எனக்குத் தெரியும்.

கொங்கண் பாதை 1998 ஜனவரியில் முழுதாகத் திறக்கும் வரை, கேரளத்தில் இருந்து பம்பாய்க்கோ டெல்லிக்கோ போகிறவர் பெரும்பாலும் பாலக்காட்டைக் கடந்துதான் போக வேண்டும். பட்டாளத்துக்குப் போனவர், டைப்ரைட்டிங் படித்துவிட்டு பம்பாய்க்குக் கிளம்பிய கல்பாத்தி அக்கிரகாரத்துப் பையன், எல்லோரையும் வழியனுப்பியது இந்த பிளாட்பாரம். கல்பாத்தித் தேர் சமயத்தில், ஐப்பசி கடைசியில், அப்படிப் போனவர்கள் குடும்பத்தோடு திரும்பி வருவார்கள். ஸ்டேஷன் வாசலில் பாலக்காட்டுத் தமிழ் காதில் விழும். மலையாள இழுப்போடு, 'ஆத்துக்கு', 'எந்தாக்கும்' என்று கலந்து பேசுகிற தமிழ். அதைக் கேட்கிறபோது எனக்கு இன்றும் மனசு குளிரும்.

ஒரு துயரத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1921 நவம்பரில் மாப்பிள்ளைக் கலகத்தில் பிடிபட்டவர்களை, காற்றுப் புகாத சரக்கு வேகனில் அடைத்து, திரூரில் இருந்து இந்தப் பாதையில்தான் கொண்டுபோனார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. கடைசியில் இறந்தவர்கள் 70 பேர். அந்த வண்டி ஒலவக்கோட்டைத் தாண்டித்தான் போயிற்று. வேகன் துயரம் என்று மலபாரில் இன்றும் சொல்கிறார்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரயில் பற்றிப் பாடம் எடுக்கும்போது இதையும் சொல்லுங்கள்.

இனி யானை. பாலக்காடு ஜங்ஷனைப் பற்றிப் பேசிவிட்டு வாளையாறைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது, அது அப்பாவின் பீட், அவர் தினமும் நடந்து பார்க்கிற பாதைப் பகுதி.

கீமேன் வேலை என்ன தெரியுமா? காலையில் தோளில் சுத்தியல், கையில் ஸ்பேனர், இடுப்பில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, பையில் ஆபத்துக்குத் தண்டவாளத்தில் வைக்கிற பட்டாசு. தன் பீட் முழுவதும் ஒரு தண்டவாளத்தைப் பார்த்தபடி நடந்து போக வேண்டும், அடுத்ததைப் பார்த்தபடி திரும்ப வேண்டும். வண்டி ஓடுகிற அதிர்வில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற சாவிகள் நழுவும். ஒவ்வொன்றையும் தட்டி இறுக்க வேண்டும். அப்பா பார்த்து வேலை செய்ததைவிடக் கேட்டு வேலை செய்ததுதான் அதிகம். "'டிங்'குன்னா கெட்டியா இருக்குது, 'டொப்'புன்னா கழண்டிருக்குதுன்னு அர்த்தம், கண்ணு" என்பார். வீட்டில் சம்படத்தை மூடினால்கூட விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்.

கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாறுக்கும் நடுவே பாதை ஏ லைன், பி லைன் என்று இரண்டாகப் பிரிந்து போகிறது. பி லைன் காட்டுக்குள் தள்ளிப் போகும். வளைவும் அதிகம். தண்ணீர் தேடி மலையில் இருந்து இறங்குகிற யானைக்கூட்டம் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். அப்பா கிளை முறிகிற சத்தம் கேட்டால் நின்றுவிடுவார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கூட்டம் கடக்கும் வரை அசையாமல் நிற்பார். குட்டி இருந்தால் நேரமாகும், தாய் குட்டியை மேட்டில் ஏற்றிவிட்டுத்தான் தான் ஏறும். வண்டி அடிபட்ட யானை ஒன்றை அவர் பார்த்துவிட்டு வந்த நாளில், ராத்திரி சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

இந்தப் பாதையில் யானைகள் சாவது நிற்கவில்லை. 2021 நவம்பர் 26 இரவு, தமிழ்நாட்டுப் பக்கம் நவக்கரை அருகே ஒரே வண்டியில் மூன்று யானைகள் இறந்தன. அதற்குப் பிறகு மதுக்கரைப் பகுதியில் தண்டவாளத்துக்கு அடியில் யானை போக வழி கட்டினார்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை செயற்கை நுண்ணறிவு கேமரா வைத்த 12 கோபுரங்களை நிறுவியது. இரவிலும் யானையின் உடல் சூட்டை வைத்துக் கண்டுபிடித்து முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பும். நீங்கள் கோயம்புத்தூரில் இருந்து இரவு வண்டியில் வரும்போது வாளையாறு தாண்டி வண்டி மெதுவாகப் போனால், தாமதமாகிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். மெதுவாகப் போவதுதான் அங்கே சரி.

வசதிகளைக் கேட்டிருந்தீர்கள். ஐந்து பிளாட்பாரம். கோட்டத்தின் தலைமை ஸ்டேஷன் என்பதால் நாள் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும், ரயில்வே பாதுகாப்புப் படையும் உண்டு. இரவு நேரத்தில் வயதானவர்கள் காத்திருக்க டவுனைவிட ஜங்ஷன்தான் பாதுகாப்பு, இதை நான் உறுதியாகச் சொல்வேன். காத்திருப்பு அறை உண்டு. தங்கும் அறையும் உண்டு. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். முன்பதிவு கவுண்டர் இருக்கிறது. எந்த உதவிக்கும் ஊர் எதுவானாலும் 139. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் வண்டி வருவதற்கு முன்பே ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சொல்லி வையுங்கள், கடைசி நிமிடத்தில் ஓடாதீர்கள்.

பயணிகளுக்குக் கண்ணில் படாத வசதிகள் இன்னும் பெரியவை. வண்டி ஓட்டுகிற லோகோ பைலட்களும் கார்டுகளும் இங்கே மாறுகிறார்கள். கையில் பெட்டியோடு இறங்குகிறவரும் ஏறுகிறவரும் பிளாட்பாரத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதைப் பார்க்கலாம். மெமு என்கிற குறுந்தூர மின்சார வண்டிகளைப் பராமரிக்கிற பணிமனை இங்கே இருக்கிறது. ஈரோடு, கோயம்புத்தூர், எர்ணாகுளம் பக்கம் தினமும் சீசன் டிக்கெட்டில் போகிறவர்களுக்கு அந்த மெமுதான் உயிர். கோட்ட அலுவலகம், ரயில்வே ஆஸ்பத்திரி, காலனி எல்லாம் சுற்றிலும் இருக்கின்றன. காலனிக்குத் தபால் போட்டால் ஹேமாம்பிகா நகர் என்று எழுத வேண்டும். பக்கத்தில் கல்லேக்குளங்கரை பகவதி கோயில் இருக்கிறது. அங்கே அம்மனுக்கு முழு உருவம் கிடையாது, இரண்டு கைகள் மட்டும். நாங்கள் பரீட்சைக்குப் போகும் முன் அந்தக் கைகளைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவோம்.

ஷொர்ணூரும் ஜங்ஷன்தானே, அங்கே மாறிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். யோசித்துச் செய்யுங்கள். 1902-இல் கொச்சி ராஜா ராஜரிஷி ராமவர்மா, கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டி எர்ணாகுளத்துக்குப் பாதை போட்ட நாளில் இருந்து ஷொர்ணூர் பெரிய சந்திப்பு. ஆனால் திருச்சூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே போகிற பல வண்டிகள் இப்போது ஷொர்ணூர் ஸ்டேஷனுக்குள் நுழையாமல் வெளியிலேயே திரும்பிவிடுகின்றன. கோழிக்கோடு, மங்களூர் போக வேண்டுமானால் பாலக்காட்டிலேயே மங்களூர் வண்டியைப் பிடியுங்கள்.

பேப்பூர் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1888-இல் பாதை கோழிக்கோட்டுக்கு நீண்டது. பேப்பூர் முனையம் கைவிடப்பட்டது. 1907-இல் மங்களூர் வரை போய்விட்டது. எந்தத் துறைமுகத்துக்காகப் பாதை போட்டார்களோ அங்கே இன்று ரயில் போகவில்லை. வழியில் பெயருக்கு வைத்த ஒலவக்கோடு கோட்டத்துக்கே தலைமையிடமாக நிற்கிறது.

அடுத்த முறை அம்மா வரும்போது இப்படிச் செய்யுங்கள். வண்டி பகலில் வந்தால் டவுனுக்கே டிக்கெட் எடுங்கள், அங்கே இருந்து உங்கள் பக்கத்து பஸ்ஸைப் பிடிக்க ஜங்ஷனைவிடச் சுலபம். இரவில் வருவதானால் ஜங்ஷன் வரை எடுங்கள். பொள்ளாச்சி தாண்டியதும் போன் பண்ணச் சொல்லுங்கள். முதல் பாலக்காட்டில் கூட்டமாக இறங்குவார்கள், அவர்களோடு இறங்கிவிட வேண்டாம், உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். அப்புறம் வண்டி புழைப் பாலத்தின் மேல் ஏறும், இரும்புச் சத்தம் மாறிக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தால் போதும்.